பதினைந்து வாட்டின் காலம்

வீட்டில் சங்கீதம் கேட்பதற்கென்று பவர் ஆம்ப்ளிபையர் ஒன்றை வாங்கப் புறப்படுகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்கும் கேள்வி 'எத்தனை வாட்?' என்பதாகவே இருக்கிறது. இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சற்றே ஆராய்ந்து பார்த்தால், வாட்டின் எண்ணிக்கையை நிர்ணயித்தது ஆம்ப்ளிபையர் செய்தவர்களின் சாமர்த்தியமும் அன்று, கேட்பவர்களின் பேராசையும் அன்று, அந்தந்தக் காலத்தில் கூடத்து மூலையில் நின்ற ஸ்பீக்கர் பெட்டியே என்பது விளங்கும். வண்டியின் பாரத்தைப் பார்த்து மாடு பிடிப்பதுதான் முறை. ஆம்ப்ளிபையர் விஷயத்திலும் அம்முறையே, வாங்கினவர்களில் பலர் அறியாமலே, நெடுங்காலம் நடந்து வந்திருக்கிறது.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஸ்தாபனத்தில் ஆராய்ச்சி செய்துவந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர், காகிதக் கூம்பின் அடியில் மெல்லிய கம்பிச் சுருளைப் பொருத்தி, அச்சுருளைக் காந்தத்தின் இடைவெளியில் அசையவிட்டு ஒலி எழுப்பும் முறையை 1925-இல் வெளியிட்டார்கள். இன்று நம் வீடுகளில் இருக்கும் ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. அதற்கு முந்திய ரேடியோக் குழாய்கள் சொற்ப மின்சாரத்திலேயே கத்திக்கொண்டிருந்தன; புதிய கூம்போ நன்றாக அசைவதற்குக் கூடுதலாகச் சக்தி கேட்டது. ஆகவே அந்த ஸ்பீக்கர் 'ரேடியோலா 104' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தபோது, அதன் பெட்டிக்குள்ளேயே ஓர் ஆம்ப்ளிபையரையும் வைத்துக் கொடுத்தார்கள். அதன் சக்தி 1 வாட்.

ஒரு வாட்டைக் கண்டு நகைப்பதற்கில்லை. பேசும் படம் வந்த புதிதில் அமெரிக்கக் கொட்டகைகளில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கேட்கும்படி முழங்கிய யந்திரங்களில் பல, இன்று ஒரு சாதாரண வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிபையரைவிடக் குறைந்த சக்தி உடையவை. அங்கே திரைக்குப் பின்னால் நின்றவை ஆள் உயர ஹாரன் ஸ்பீக்கர்கள். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் மரக்கிளையில் கட்டிவைத்த குழாய்களும் இந்த இனத்தவையே. கூம்பின் அசைவைக் காற்றுக்கு வீணின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் ஹாரனுக்கு நிகரானது இல்லை. இடம் மட்டும் நிறைய வேண்டும்.

சக்தி இருந்தாலும் சுத்தம் இல்லை என்பதே அந்நாளைய குறை. அன்றைய ஆம்ப்ளிபையருக்கு உயிராக இருந்த வால்வு எதுவானாலும் தன்னிடம் வந்த ஒலியைப் பெருக்கும்போது கொஞ்சம் திரித்தே கொடுத்தது. இதற்கு மருந்து கண்டவர் ஹெரால்டு பிளாக். தொலைபேசித் துறைக்காகப் பெல் ஆராய்ச்சிச் சாலையில் உழைத்துக்கொண்டிருந்த அவர், 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி காலையில் ஹட்ஸன் நதியைக் கடக்கும் படகில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது, ஆம்ப்ளிபையரிலிருந்து வெளிவருவதில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி அதன் வாயிலுக்கே திருப்பி அனுப்பினால், பெருக்கம் எவ்வளவு குறைகிறதோ ஏறக்குறைய அவ்வளவுக்குத் திரிபும் குறையும் என்னும் எண்ணம் உதிக்க, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தாளிலேயே அதைக் கிறுக்கிக் கையொப்பமும் இட்டுவைத்தார். அமெரிக்காவில் காப்புரிமை கிடைக்க 1937 வரை காத்திருக்க நேர்ந்தது. பெருக்கிய ஒன்றை வேண்டுமென்றே குறைத்துக்கொள்வது பைத்தியக்காரத்தனமாக அன்றைய நிபுணர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

பிளாக்கின் மருந்தை வீட்டு ஆம்ப்ளிபையருக்குக் கொடுப்பதில் ஒரு பெரிய இடையூறு இருந்தது. வால்வு ஆயிரக்கணக்கான ஓம் எதிர்ப்பைப் பார்த்து வேலை செய்வது. ஸ்பீக்கரின் சுருளோ நாலு ஓம், எட்டு ஓம், மிஞ்சினால் பதினாறு ஓம். இரண்டையும் நேரே இணைத்தால் ஒன்றும் நடவாது. இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்று சமாதானம் செய்து வைக்க வேண்டும். அந்த டிரான்ஸ்பார்மரோ மிகத் தாழ்ந்த ஸ்வரங்களிலும் மிக உயர்ந்த ஸ்வரங்களிலும் ஒலி அலையைக் காலம் தவறிக் கடத்தும் இயல்புடையது. அதையும் உள்ளடக்கிப் பிளாக் சொன்னபடி வெளிவருவதை வாயிலுக்குத் திருப்பும் பின்னூட்டம் கொடுத்தால், குறைக்க வேண்டிய சமிக்ஞை கூட்டுகிற சமிக்ஞையாக மாறி, ஆம்ப்ளிபையர் தானே ஊளையிடத் தொடங்கிவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்துக் காட்டியவர் டி. டி. என். வில்லியம்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1947 ஏப்ரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 24. கே.டி.66 என்னும் வால்வுகள் இரண்டை மாறி மாறி இழுக்கும்படி ஜோடி சேர்த்து, 15 வாட் சக்தியை 0.1 சதவிகிதத்துக்கும் குறைந்த திரிபோடு தருவது அவர் வகுத்த அமைப்பு. அதில் விசேஷம் வால்வு அன்று, டிரான்ஸ்பார்மர்தான். முதன்மைச் சுருளை ஒரே திரளாகச் சுற்றாமல், பகுதிக்கு 440 சுற்றாகப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, அவற்றின் இடையிடையே ஸ்பீக்கருக்குப் போகும் தடித்த கம்பியின் எட்டுப் பகுதிகளைப் புகுத்தச் சொன்னார். கை மிகவும் நோகும் வேலை. ஆனால் இப்படிப் பின்னிச் சுற்றியதனால்தான் உயர்ந்த ஸ்வரங்கள் தாமதிக்காமல் கடந்தன. பின்னூட்ட வளையத்துக்குள் டிரான்ஸ்பார்மரையும் அடக்க முடிந்தது. இரண்டு வால்வுகளுக்கும் இடையே 10,000 ஓம் ஆகத் தோன்றும் சுமை, மறுபக்கத்தில் வீட்டு ஸ்பீக்கருக்கு ஏற்ற ஓம் அளவாக மாறிற்று.

யுத்தம் முடிந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் பஞ்சம். கடையில் கிடைக்காததைக் கையால் செய்துகொள்ளும் பழக்கம் மக்களுக்கு வேரூன்றியிருந்த வேளையில் இந்தக் கட்டுரை வந்ததனால், உலோகத் தகட்டில் துளையிட்டு, ஈயம் உருக்கி ஒட்டி, எத்தனையோ பேர் வில்லியம்ஸன் ஆம்ப்ளிபையரைத் தம் வீட்டு மேஜையிலேயே உருவாக்கினார்கள். அமெரிக்காவில் கே.டி.66 எளிதில் அகப்படாதபடியால், இசை நடத்துநர் டாஸ்கனீனியின் வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவரான டேவிட் ஸார்ஸரும் மெல்வின் ஸ்பிரிங்கிள் என்பவருமாகச் சேர்ந்து 807 என்னும் வால்வை வைத்து அதே அமைப்பை 1949-இல் வெளியிட்டார்கள். ஒரு சங்கீத வித்துவான் ஸோல்டரிங் இரும்பையும் பிடித்தார் என்பதை நான் இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு: ஆம்ப்ளிபையரைச் செவியால் எடைபோடத் தெரிந்தவர்களே அதைச் செய்யவும் செய்த காலம் அது. இன்று விற்பவர், செய்பவர், கேட்பவர் மூவரும் மூன்று திசையில் இருக்கிறார்கள்.

வில்லியம்ஸனுக்கு முன்பே, 1945-இல், ஹெரால்டு லீக் என்பவர் 'பாயின்ட் ஒன்' என்ற பெயரில் 0.1 சதவிகிதத் திரிபுள்ள ஆம்ப்ளிபையரை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். ஹன்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் நடத்திய கம்பெனி 1953-இல் 'குவாட் 2' என்பதை வெளியிட்டது. அதுவும் ஒரு ஜோடி கே.டி.66, அதுவும் 15 வாட். இப்படி ஒரே எண்ணில் எல்லாரும் வந்து நின்றது தற்செயல் அன்று. அந்நாளைய ரசிகரின் கூடத்தில் அலமாரியளவு பெட்டியோ, சுவர் மூலையையே ஹாரனின் நீட்சியாக்கிக்கொள்ளும் கிளிப்ஷ் ஸ்பீக்கரோ நின்றது. அதற்குப் பதினைந்தே தாராளம்.

குவாட் 2-ஐ ஸ்பீக்கரோடு இணைப்பதில் ஒரு நியதி இருந்தது. ஸ்பீக்கர் 7 ஓம் வகையா, 15 ஓம் வகையா என்று பார்த்து, அதற்குத் தக்கபடி டிரான்ஸ்பார்மரின் இணைப்பை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். பிற கம்பெனிகளின் ஆம்ப்ளிபையர்களில் 4, 8, 16 என்று எழுதிய திருகுகள் வரிசையாக இருக்கும். இதைவிட முக்கியமான விதி ஒன்று: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்ளிபையரை முழக்கக் கூடாது. சுமை இல்லாத டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் எழும்பிச் சுருளின் காப்பைத் துளைத்துவிடும். கம்பிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால்கூடச் சற்று நேரம் பொறுத்துக்கொள்ளும். அறுந்து தொங்கினால் பொறுக்காது.

இந்த அமைதியான உலகத்தைக் கலைத்தது ஒரு சின்னப் பெட்டி. 1954-இல் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜில் எட்கர் வில்சூரும் ஹென்றி கிளாஸும் ஏ.ஆர்.1 என்ற ஸ்பீக்கரை விற்கத் தொடங்கினார்கள். காற்றுப் புகாதபடி மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக வைத்துக்கொண்டு, புத்தக அலமாரியில் வைக்கத் தக்க அளவிலேயே அலமாரிப் பெட்டிக்கும் எட்டாத ஆழ்ந்த மந்தர ஸ்வரத்தை அது எழுப்பிற்று. விலையில்லாமல் எதுவும் வருவதில்லை. ஆழ்ந்த மந்தரம், சிறிய உருவம், குறைந்த மின்சாரம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் பெற முடியும் என்பதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் ஆன்டன் ஹாஃப்மன். புகழ்பெற்ற பியானோ வித்துவான் ஜோசப் ஹாஃப்மனின் புதல்வர். பெரிய ஹாரன் 1 வாட்டில் செய்த காரியத்தைச் செய்ய இந்தப் புதிய பெட்டிக்கு ஐம்பது, அறுபது வாட் தேவைப்பட்டது.

1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததும் பெரிய பெட்டிகளின் கதை ஏறக்குறைய முடிந்தது. ஒரு பெட்டிக்கு மூலையை ஒதுக்கிக் கொடுத்த இல்லத்தரசி இரண்டாவதற்கு எங்கே போவாள்? சின்னப் பெட்டி இரண்டு, அவற்றை அசைக்க இரண்டு மடங்கு சக்தி என்றாயிற்று. டேவிட் ஹாஃப்லரின் டைனகோ கம்பெனி 1959-இல் பக்கத்துக்கு 35 வாட் தரும் 'ஸ்டீரியோ 70'-ஐ, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் சாமான் தொகுதியாகக் குறைந்த விலைக்கு அளித்தபோது அது அமோகமாக விற்றது. நம் பக்கத்திலும் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இ.எல்.84 போன்ற வால்வுகள் தயாராகி வந்ததனால் தாமே ஆம்ப்ளிபையர் செய்துகொள்பவர்கள் வால்வுக்காகக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டீரியோவோடு இணைப்பில் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. ஒரு ஸ்பீக்கரின் இரு கம்பிகளை எப்படி மாற்றிப் பூட்டினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் மாற்றிப் பூட்டிவிட்டாலோ ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். மிருதங்கத்தின் தொப்பி எங்கேயோ மறைந்துபோகும். பாடகர் நடுவில் நில்லாமல் அறை முழுவதும் கலைந்து கிடப்பார். சிவப்பு, கறுப்பு என்று நிறமிட்டுத் திருகு வைக்கும் வழக்கத்துக்கு இந்தத் தொல்லையே காரணம். கம்பியின் தடிமனும் அப்போதுதான் பேச்சாயிற்று. அழைப்பு மணிக்கு இழுக்கும் அரை மில்லிமீட்டர்க் கம்பியை ஐந்து மீட்டர் தூரத்துக்கு இழுத்தால், போக வர இரு வழியும் சேர்த்து ஒரு ஓமுக்குச் சற்றுக் குறைந்த எதிர்ப்பு அதிலேயே நின்றுவிடுகிறது; எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு இது பத்தில் ஒரு பங்குக்கு மேல். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பி போட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இராது. இதற்கு மேல் கம்பிக்காகப் பணத்தை இறைப்பவர்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை.

வில்லியம்ஸன் கட்டுரை வந்த அதே 1947-இன் டிசம்பரில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. அது வீட்டு ஆம்ப்ளிபையருக்குள் நுழையப் பல வருஷம் பிடித்தது. டிரான்ஸிஸ்டர் தாழ்ந்த ஓமிலேயே நிறைய மின்னோட்டம் தரவல்லது. ஆதலால் 1956-இல் ஹங் சாங் லின் காட்டிய வழியில், வில்லியம்ஸன் அவ்வளவு பாடுபட்டுச் சுற்றிய டிரான்ஸ்பார்மரையே தூக்கி எறிந்துவிட்டு ஸ்பீக்கரை இணைத்தார்கள். அத்துடன் இணைப்பின் தர்மமும் தலைகீழாயிற்று. ஸ்பீக்கர் இல்லாமல் நாள் முழுதும் ஓடவிட்டாலும் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபையருக்கு ஒன்றும் நேராது; இரு கம்பிகளும் ஒரு நொடி முட்டிக்கொண்டால் ஆரம்ப காலத்து ஆம்ப்ளிபையர் புகைந்துவிடும். நான்கு ஸ்பீக்கர்களைப் பக்கம் பக்கமாகக் கோத்து ஓமைக் குறைத்துக்கொண்டே போனவர்கள், வால்வுக் காலத்துப் பழக்கத்தால் தம் சொத்தைத் தாமே எரித்தவர்கள்.

டிரான்ஸிஸ்டரில் வாட் மலிவாயிற்று. மலிவானதும் பொய்யும் மலிந்தது. கண் இமைக்கும் நேரத்துக்குத் தாங்கும் சக்தியை நிரந்தரச் சக்திபோல விளம்பரப்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் மிகுந்துபோகவே, எல்லாப் பக்கங்களையும் ஒருசேர இயக்கித் தொடர்ந்து அளந்த சக்தியையே சொல்ல வேண்டும் என்று அங்கே அரசாங்கம் 1974-இல் விதித்தது. நம் நாட்டில் அப்படி எதுவும் காதில் விழவில்லை போலும்; கைக்கு அடக்கமான டேப்ரிக்கார்டரின் நெற்றியில் 'பி.எம்.பி.ஓ.' என்ற எழுத்துக்களோடு ஆயிரம் வாட் என்று ஒட்டி விற்றதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

மெய்யான சக்தியும் சில இடங்களில் கெடுதலே செய்தது. வாக்கர் 1957-இல் வெளியிட்ட மின்னிலை ஸ்பீக்கர், காகிதக் கூம்புக்குப் பதிலாக உயர் மின்னழுத்தத்தில் நிற்கும் மெல்லிய படலத்தால் ஒலி எழுப்புவது. அதை உருவாக்குவதில் வில்லியம்ஸனும் அவரோடு சேர்ந்து உழைத்தவர். குவாட் 2-இன் 15 வாட்டை மனத்தில் வைத்துச் செய்த அந்தப் படலத்தில் மேற்கொண்டு சக்தியை ஏற்றினால் மின்பொறி பாய்ந்து துளை விழுந்துவிடும். 1975-இல் அதே வாக்கரின் கம்பெனி பக்கத்துக்கு 100 வாட் தரும் 'குவாட் 405'-ஐக் கொண்டுவந்தபோது, பழைய மின்னிலை ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்காக அதன் வாயை அடக்கும் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றையும் தனியே தர வேண்டியதாயிற்று. நூறு வாட்டை வாங்கிப் பதினெட்டு வருஷத்துக்கு முந்திய ஒரு பெட்டிக்காக அதை மறுபடியும் சுருக்கிக்கொண்டு, அவர்கள் நிம்மதியாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.