எந்த ஓட்டம் எவருடையது? கைபேசி வலையமைப்பில் ஊடக ஓட்டங்கள் அடையாளம் பெற்ற வரலாறு

திருவனந்தபுரம் வலியசாலையின் அக்கிரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. தெருப்பெயர் மட்டும் எழுதிய கடிதம் அங்கு உரியவரைச் சென்றடைவது அரிது, கதவிலக்கம் வேண்டும். அத்தெருவின் திண்ணையொன்றில் அமர்ந்து, சென்னையிலுள்ள பேத்தியைக் காணொலி அழைப்பில் காணும் ஒரு பாட்டியை எண்ணிப் பார்க்கலாம். அவர் கையிலுள்ள கருவிக்கு வலையமைப்பு தந்த முகவரி ஒன்றே. ஆனால் அம்முகவரிக்குக் குரலும் படமும், அவற்றின் தரம் பற்றிய அறிக்கைகளும் தனித்தனிப் பொதிகளாக வந்துகொண்டிருக்கின்றன. எந்தப் பொதி குரலுக்குரியது, எது படத்துக்குரியது என்பதை யார், எதைக் கொண்டு அறிகிறார்? சிறியதாகத் தோன்றும் இக்கேள்விக்கு முப்பதாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பொறியியலோடு கட்டணமும் சட்டமும் பின்னிக் கிடக்கின்றன.

1. இடமே அடையாளமாக இருந்த காலம்

மின்சுற்றுத் தொலைபேசியில் இக்கேள்வி எழவே இல்லை. ஓர் அழைப்புக்கு ஒரு சுற்று. அச்சுற்றில் வருவது அவ்வழைப்பின் குரல். ஜி.எஸ்.எம். முறையில் ஒவ்வோர் அலைவரிசையும் எட்டுக் காலத்துண்டுகளாகப் பகுக்கப்பட்டது. எந்தத் துண்டு ஒதுக்கப்பட்டதோ அதுவே அழைப்பின் அடையாளம். 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, தில்லியிலிருந்த சுக்ராமுடன் பேசிய இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு இவ்வகையினது.

குரலோடு படமும் சேர்ந்தபோது இடம் மட்டும் போதவில்லை. 3ஜி-யின் தொடக்ககாலக் காணொலி அழைப்பு, நொடிக்கு 64 கிலோபிட் கொண்ட ஒரே சுற்றில் இரண்டையும் கலந்து அனுப்பியது. உள்ளே செல்பவற்றைப் பிரித்தறியத் தருக்கத் தடங்களுக்கு எண் இட்டனர். 2008 டிசம்பரில் தில்லியில் எம்.டி.என்.எல். நிறுவனமும், 2009 பிப்ரவரியில் சென்னையில் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் 3ஜி சேவையைத் தொடங்கியபோது காணொலி அழைப்பே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, பொதிவழி அனுப்பும் முறைக்கான அடையாள விதிகள் தரநிலை ஆவணங்களில் எழுதப்பட்டுவிட்டன.

2. அனுப்புவோர் தாமே சூட்டிக்கொண்ட பெயர்

1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியியல் பணிக்குழுக் கூட்டத்தின் ஒலி, இணையவழியே பல இடங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டது. பலர் பேசும் அத்தகைய அவையில் முகவரியும் துறை எண்ணும் மட்டும் போதுமானவை அல்ல என்பது தெளிவாயிற்று. 1996 ஜனவரியில் ஹென்னிங் ஷுல்ஸ்ரின்னே, ஸ்டீபன் கேஸ்னர், ரான் பிரெடரிக், வான் ஜேக்கப்சன் ஆகியோர் வெளியிட்ட ஆர்.டி.பி. நெறிமுறை இதற்கொரு விடை தந்தது. ஒவ்வோர் ஊடக மூலமும் 32 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைத் தற்போக்காகத் தேர்ந்து, தான் அனுப்பும் ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் பொறிக்கும். இருவர் ஒரே எண்ணைத் தேர்ந்துவிட்டால், மோதலைக் கண்டறிந்து மாற்றிக்கொள்ளும் வழியும் வகுக்கப்பட்டது. ஒருவருடைய குரலும் படமும் வெவ்வேறு எண்களைப் பெறுவதால், அவ்விரண்டும் ஒருவருக்கே உரியவை என்று காட்டப் பொதுப்பெயர் ஒன்றும் தனியே அனுப்பப்பட்டது. உதட்டசைவும் ஒலியும் ஒத்து வருவதற்கு இப்பிணைப்பு இன்றியமையாதது.

இம்முறையில் பெயரிடும் உரிமை முழுவதும் முனைக் கருவிகளிடமே இருந்தது. நடுவிலுள்ள வலையமைப்பு எதையும் அறிய வேண்டியதில்லை.

3. வரிசையெண்ணே பெயரான விந்தை

1998 ஏப்ரலில் மார்க் ஹேண்ட்லியும் வான் ஜேக்கப்சனும் எழுதிய அமர்வு விவரிப்பு நெறிமுறை, ஓர் அமர்வில் உள்ள ஒவ்வோர் ஊடகத்துக்கும் ஒரு வரி என்று விதித்தது. அவ்வரிகளுக்குப் பெயர் இல்லை. 2002 ஜூனில் ஜோனத்தன் ரோசன்பெர்கும் ஷுல்ஸ்ரின்னேயும் வகுத்த முன்மொழிவு–மறுமொழி விதி, வரிகளின் வரிசையையே அடையாளமாக்கியது. முன்மொழிவின் இரண்டாம் வரிக்கு மறுமொழியின் இரண்டாம் வரியே விடை. ஓர் ஊடகம் வேண்டாமெனில் அதன் துறை எண்ணைச் சுழியமாக்கலாம், வரியை நீக்கலாகாது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த மற்றோர் ஆவணம், ஊடக வரிகளுக்கு வெளிப்படையான அடையாளச் சொல் சூட்டவும், அச்சொற்களைக் கொண்டு வரிகளைக் குழுவாக்கவும் வழி செய்தது.

நீக்கலாகாது என்ற அச்சிறு விதி பேச்சுவார்த்தையில் குழப்பம் நேராதிருக்க எழுதப்பட்டது. அதன் பெரும்பயன் வேறிடத்தில் விளைந்தது.

4. வலையமைப்பு அறிய விரும்பியபோது

அலைக்கற்றை அரிய பொருள். குரல் சிறிதளவு இழப்பைத் தாங்கும், தாமதத்தைத் தாங்காது. அழைப்பை நிறுவும் சமிக்ஞைக்கோ இழப்பு ஆகாது. இவற்றை வெவ்வேறாக நடத்த வேண்டுமெனில் வலையமைப்பு இவற்றைப் பிரித்தறிய வேண்டும். அதோடு, அனுமதி பெற்ற ஓட்டமே உயர்தரப் பாதையில் செல்கிறதா என்று சரிபார்க்கவும், அதற்கேற்பக் கட்டணம் விதிக்கவும் நிறுவனங்கள் விரும்பின.

1998 டிசம்பரில் அமைந்த 3ஜி.பி.பி. கூட்டமைப்பு, தன் ஐந்தாம் வெளியீட்டில் ஐ.பி. பல்லூடகத் துணையமைப்பை அறிமுகப்படுத்தியபோது இதற்கு ஓர் எளிய வழி கண்டது. அழைப்பு நிறுவப்படுகையில் வலையமைப்பு கைபேசிக்கு ஓர் அனுமதிச் சீட்டை அளிக்கும். கைபேசி பாதை கேட்கும்போது அச்சீட்டையும் ஓட்ட அடையாளத்தையும் சேர்த்துக் காட்டும். அவ்வடையாளம் இரண்டு எண்களாலானது: முதலாவது, அமர்வு விவரிப்பில் அந்த ஊடக வரியின் வரிசையெண், இரண்டாவது, அவ்வூடகத்துக்குள் துறை எண்களின் ஏறுவரிசைப்படி அந்த ஓட்டத்தின் இடம். வரிகள் நீக்கப்படா என்ற பழைய விதி இருந்ததாலேயே இந்த எண்ணை நம்ப முடிந்தது. எந்தெந்த ஓட்டங்கள் ஒரே பாதையில் செல்ல வேண்டும் என்று வலையமைப்பு கைபேசிக்கு அறிவிக்கும் முறையும் 2003 ஏப்ரலில் தரப்படுத்தப்பட்டது.

ஏழாம் வெளியீட்டில் சீட்டு முறை கைவிடப்பட்டது. முகவரிகள், துறை எண்கள், நெறிமுறை ஆகிய ஐந்து கூறுகளைக் கொண்டு வலையமைப்பே ஓட்டத்தைப் பிணைத்துக்கொண்டது. எனினும் ஊடக எண், ஓட்ட எண் என்னும் இரட்டை அடையாளம் 4ஜி-யிலும் தொடர்ந்தது. அங்கு உரையாடல் குரலுக்கு முதல் தரவகுப்பு, நேரடிக் காணொலிக்கு இரண்டாவது, சமிக்ஞைக்கு ஐந்தாவது.

5. இந்தியாவில் எழுந்த வினா

2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ தன் சேவையைத் தொடங்கியது. பழைய மின்சுற்று வலையமைப்பு அதனிடம் இல்லை; குரலழைப்புகள் யாவும் ஐ.பி. வழியே சென்றன. இங்கொரு முரண் கவனத்துக்குரியது. ஓட்டத்தை அடையாளங்காணும் பொறியமைப்பு வளர்ந்ததற்குக் கட்டணம் ஒரு முதன்மைக் காரணம். ஆனால் இந்தியாவில் அப்பொறியமைப்பைப் பெருமளவில் பரப்பிய நிறுவனம், குரலுக்குக் கட்டணமில்லை என்ற அறிவிப்போடு வந்தது. 2019 அக்டோபரில் பிற நிறுவன எண்களுக்கான அழைப்புக்கு நிமிடத்துக்கு 6 காசு விதிக்கப்பட்டபோதும், அதன் அடிப்படை நிறுவனங்களுக்கிடையிலான இணைப்புக் கட்டணமே.

கட்டணப் பூசல் வேறு திசையில் எழுந்திருந்தது. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையவழிக் குரலழைப்புச் செயலிகளுக்குத் தனிக்கட்டணம் விதிக்க முன்வந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் சில நாள்களில் கைவிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச்சில் கருத்துக் கேட்டபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மடல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தின் அடிப்படையில் தரவுக் கட்டணத்தை வேறுபடுத்துவதை ஆணையம் தடை செய்தது. 2017 நவம்பர் 28 அன்று வந்த பரிந்துரைகளும், 2018 ஜூலையில் அரசு அளித்த ஒப்புதலும் இணையப் போக்குவரத்தைப் பாகுபடுத்தி நடத்துவதையும் விலக்கின. ஆனால் குறிப்பிட்ட தரத்தை வேண்டிநிற்கும் சிறப்புச் சேவைகளுக்கு விதிவிலக்கு உண்டு. அவை பொது இணையத்துக்கு மாற்றாகவோ கேடாகவோ அமையக்கூடாது என்பது நிபந்தனை.

6. கதவிலக்கம் மறைந்தபின்

இதனிடையே முனைக் கருவிகள் பழைய உரிமையை மீட்டுக்கொண்டன. உலாவிவழி அழைப்புக்காக 2021 ஜனவரியில் தரப்படுத்தப்பட்ட கட்டுமுறை, குரலையும் படத்தையும் ஒரே துறை எண்ணில் அனுப்ப இடமளித்தது. அங்கு ஐந்து கூறுகளைப் பார்த்துக் குரலையும் படத்தையும் பிரிக்க இயலாது. 2002-இல் ஊடக வரிக்குச் சூட்டப்பட்ட அதே அடையாளச் சொல், இப்போது பொதியின் தலைப்பு நீட்சியில் ஏறிப் பயணம் செய்கிறது. உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டாலும், வழக்கமான பாதுகாப்பு முறையில் 32 பிட் மூல எண் திறந்தே கிடக்கிறது. காண விழைபவர் காணலாம்.

வலியசாலைப் பாட்டிக்கு இன்று இரு வழிகள் உள்ளன. நிறுவனத்தின் சொந்தக் காணொலி அழைப்பில் அவர் பேசினால் வலையமைப்பு ஒவ்வோர் ஓட்டத்தையும் அறிந்து தனிப்பாதை தரும். செயலி வழியே பேசினால் அவர் குரல், பிறருடைய பதிவிறக்கங்களோடும் திரைப்படங்களோடும் சேர்ந்து பொதுப்பாதையில் முண்டிச் செல்லும். முதல் வழியில் தரத்துக்கு உறுதி உண்டு. இரண்டாவதில், யாரும் தரம் பிரித்து விலை சொல்லலாகாது என்ற சட்டக் காப்பு உண்டு. இவ்விரண்டையும் ஒருசேரப் பெறுவது எவ்வாறு என்னும் வினா 5ஜி-யின் வலைப்பகுப்பு முறையிலும் தீரவில்லை. ஓட்டத்துக்குப் பெயரிடும் உரிமை எவரிடம் இருக்கிறதோ, அதை நடத்தும் அதிகாரமும் அவரிடமே சேர்கிறது என்பதை இந்த முப்பதாண்டு ஆவணங்கள் தொடர்ந்து காட்டுகின்றன.