விவாகரத்து வழக்கின்போது குழந்தையுடன் மாநிலம் மாறுதல் (அமெரிக்கா)

விவாகரத்து வழக்கு முடியும் முன்பே தாயோ தந்தையோ குழந்தையுடன் வேறு மாநிலத்தில் குடியேற முயல்வது அமெரிக்கக் குடும்ப நீதிமன்றங்களில் அடிக்கடி எழும் சிக்கல். வேலை, தாய்வீட்டு ஆதரவு, வீட்டு வாடகை எனக் காரணங்கள் பல. பெற்றோர் தாம் மட்டும் இடம்பெயர்வதை நீதிபதி பொதுவாகத் தடுப்பதில்லை; குழந்தையும் உடன் போகலாமா என்பதைத்தான் தீர்மானிக்கிறார்.

குடும்பச் சட்டம் அங்கே மாநிலங்களின் பொறுப்பு. ஒரு மாநிலத்தில் தோற்றவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு மாநிலத்துக்குப் போய்ப் புது உத்தரவு வாங்கிவிடும் வழக்கம் ஒருகாலத்தில் பெருகியிருந்தது. அதைத் தடுக்க 1968இல் ஒரு மாதிரிச் சட்டமும், 1980இல் நாடு முழுமைக்குமான சட்டமும், 1997இல் திருத்தமான இன்னொரு மாதிரிச் சட்டமும் வந்தன. கடைசியாகச் சொன்னதை மாசசூசெட்ஸ் நீங்கலாக எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன.

அச்சட்டத்தின் அச்சாணி ‘சொந்த மாநிலம்’ என்ற விதி. வழக்குத் தொடுப்பதற்கு முன் குழந்தை தொடர்ந்து ஆறு மாதம் எந்த மாநிலத்தில் வாழ்ந்ததோ, அங்குள்ள நீதிமன்றத்துக்கே குழந்தையின் பொறுப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம். ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தை என்றால் பிறந்தது முதல் வாழ்ந்த மாநிலம். குழந்தையுடன் ஒருவர் கிளம்பிவிட்டாலும், மற்றவர் பழைய மாநிலத்திலேயே இருந்தால், அடுத்த ஆறு மாதம் வரை அங்கேயே வழக்குப் போடலாம். குழந்தை கடந்த ஐந்தாண்டுகளில் எங்கெங்கே வாழ்ந்தது என்பதையும் மனுவில் எழுத வேண்டும். ஆகவே ‘முதலில் போய்விடுவோம், வழக்கைப் பிறகு பார்ப்போம்’ என்று கிளம்புகிறவர், பெரும்பாலும் விட்டுவந்த ஊரின் நீதிமன்றத்துக்கே திரும்ப நேர்கிறது. மற்றவரிடமிருந்து குழந்தையைப் பிரித்தவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்கிறது; பொறுப்பை யாருக்குத் தருவது என்று முடிவெடுக்கும்போது அது அவருக்கு எதிராக நிற்கும்.

வழக்கு நிலுவையில் உள்ள காலத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. கலிபோர்னியாவில் சம்மனிலேயே ஒரு தடையுத்தரவு அச்சாகி வருகிறது: மற்றவரின் எழுத்துபூர்வமான சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் குழந்தையை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கவும் கூடாது. புளோரிடாவில் 50 மைலுக்கு அப்பால் 60 நாள் அல்லது அதற்கு மேல் இடம்பெயர்வதற்கு ஒப்பந்தமோ அனுமதியோ தேவை. இறுதி விசாரணை வரை குழந்தையின் பள்ளி, வீடு, அன்றாடம் எதுவும் கலையக் கூடாது என்பதே பல நீதிபதிகளின் எண்ணம்.

அனுமதி கேட்கும்போது குழந்தையின் நலனே அளவுகோல். 1996இல் நியூயார்க்கின் உயர்மட்ட நீதிமன்றம் இறுக்கமான சூத்திரங்களை விலக்கி, ஒவ்வொரு குடும்பத்தின் சூழலையும் முழுமையாகப் பார்க்கச் சொன்னது. நியூஜெர்சியும் 2017இல் அந்த வழிக்கே வந்தது. மறுபெற்றோருடனான உறவு, பள்ளி, உறவினர், மாறுவதன் உண்மையான நோக்கம், விடுமுறைகளில் சந்திப்பு, விமானச் செலவு யாருடையது என்பன எடைபோடப்படும்.

அடி உதைக்கு அஞ்சி ஓடிவந்தவரை இந்த விதிகள் கைவிடக் கூடாது, கைவிடவும் இல்லை. குழந்தையோ, அதன் உடன்பிறந்தவரோ, பெற்றோரோ கொடுமைக்கு ஆளானால், போய்ச் சேர்ந்த மாநிலமே தற்காலிக அவசர உத்தரவு தரலாம். வேறு மாநிலத்தில் ஏற்கெனவே வழக்கு இருந்தால் இரு நீதிபதிகளும் உடனே ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். ஆபத்து உண்டு என்று பிரமாண வாக்குமூலம் தந்தால் முகவரியை மறைத்துவைக்கவும் வழியுண்டு. இந்த ஏற்பாட்டை அறியாமலே பல பெண்கள் வன்முறையில் தங்கிவிடுகிறார்கள் என்பது வேதனை.

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இச்சிக்கல் மாநில எல்லையோடு நிற்பதில்லை. துணைவரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருப்பவர் விவாகரத்தானதும் அந்தத் தகுதியை இழக்கிறார். ஊர் திரும்புவதே அவருக்கு எஞ்சும் வழியாகத் தோன்றலாம். ஆனால் பெற்றோர் கடத்திய குழந்தைகளைத் திருப்பியனுப்பும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவைக் குழந்தை நலனைத் தீர்மானிக்கும் பல காரணிகளில் ஒன்றாகவே இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் கருதியது. இதை அறிந்த அமெரிக்க நீதிபதிகள், கோடை விடுமுறைப் பயணத்துக்குக்கூட பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவோ பிணைத்தொகை கட்டவோ சொல்வதுண்டு.