விலா எலும்பில் ரத்தக்குழாய்க் கட்டி – ஒரு சிறு வரலாறு

மனித உடம்பில் பக்கத்துக்கு 12 என்று மொத்தம் 24 விலா எலும்புகள். அவற்றில் ஏதோ ஒன்றில் கட்டி இருப்பதாக எக்ஸ்-ரே காட்டினால், டாக்டர் மனதிலும் நோயாளி மனதிலும் முதலில் வருவது ஒரே சொல்தான்: புற்றுநோய். அந்தப் பயம் வீண் பயம் இல்லை. பெரியவர்கள் ஆன பிறகும் விலா எலும்புக்குள் சிவப்பு மஜ்ஜை இருந்துகொண்டே இருக்கிறது. ரத்த ஓட்டமும் அதிகம். வேறு உறுப்பில் தொடங்கிய புற்றுநோய் வந்து தங்குவதற்கும், மஜ்ஜையிலேயே தொடங்கும் மைலோமா வளர்வதற்கும் அது வசதியான இடம்.

ஆனால் மிக மிக அபூர்வமாக, அந்தக் கட்டி புற்றுநோயாக இருக்காது. மெல்லிய ரத்தக்குழாய்கள் கொத்தாகச் சேர்ந்து உண்டான தீங்கற்ற கட்டியாக இருக்கும். அதன் பெயர் ஹெமாஞ்சியோமா. அது வேறு இடத்துக்குப் பரவுவதில்லை. பலருக்கு வலியும் இருப்பதில்லை. சிக்கல் எங்கே என்றால், வெளியே எடுத்துப் பார்க்கும்வரை "இது அதுதான்" என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்வதற்காக ஒரு எலும்பையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது! ஏன் இப்படி? அதைப் புரிந்துகொள்ள 150 வருடம் பின்னோக்கிப் போக வேண்டும்.

இறந்த பிறகு தெரிந்த நோய்

ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் விர்ஷோ, நோய் என்பது செல்களில் தொடங்குகிறது என்று 1858-ல் சொன்னவர். அதன் பிறகு கட்டிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 1863 முதல் 1867 வரை அது பகுதி பகுதியாக வெளிவந்தது. ரத்தக்குழாய்க் கட்டிகளை அவர் வகை வகையாகப் பிரித்தார். அதில் ஒரு வகை, உள்ளே குகை குகையாக ரத்தம் தேங்கி நிற்கும் வகை. முதுகெலும்பில் வரும் ஹெமாஞ்சியோமாவை 1867-ல் முதலில் விவரித்தவர் என்றும் அவரையே குறிப்பிடுகிறார்கள்.

பின்னர் டிரெஸ்டன் நகரில் கேயார்க் ஷ்மோர்ல் என்ற நோயியல் நிபுணர், இறந்தவர்களின் முதுகெலும்புகளை ஆயிரக்கணக்கில் அறுத்துப் பார்த்தார். பத்தில் ஒருவருக்கு அதில் ஹெமாஞ்சியோமா இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள்.

முதுகெலும்புக்கும் மண்டை ஓட்டுக்கும் அடுத்துத்தான் மற்ற எலும்புகள். விலா எலும்பு பட்டியலின் கடைசிப் பக்கம். மருத்துவ இதழ்களில் ஒன்று, இரண்டு என்று தனித்தனி நோயாளிகளின் கதையாகத்தான் அது பதிவாகியிருக்கிறது. ஒரு நோயை அடையாளம் காண டாக்டருக்குத் தேவையானது, அதைப் பலமுறை பார்த்த அனுபவம். இங்கே அதற்கு வழியே இல்லை.

நிழல் தெரிந்தது, பெயர் தெரியவில்லை

1895 நவம்பர் 8-ம் தேதி வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 22-ல் மனைவியின் கையைப் படம் எடுத்தார். உயிரோடு இருப்பவரின் எலும்பை வெட்டாமலே பார்க்க முடிந்தது. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு, இருமலுக்கும் காசநோய்க்கும் நெஞ்சைப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. நுரையீரலைப் பார்க்க எடுத்த படத்தில், கேட்காமலே விலா எலும்பின் நிழலும் விழுந்தது.

எக்ஸ்-ரேக்கு ஒரு குறை உண்டு. எலும்பில் 30 முதல் 50 சதவீதம் சுண்ணாம்புச் சத்து போன பிறகுதான் அந்த இழப்பு படத்தில் தெளிவாகத் தெரியும். இன்னொரு குறையும் உண்டு. முதுகெலும்பு உடலின் எடையைத் தாங்குவதால் அதன் உள் இழைகள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. ரத்தக்குழாய்க் கட்டி வந்தால் சில இழைகள் அழிந்து, மீதி இழைகள் தடித்து, கார்டுராய் துணி போலக் கோடு கோடாகத் தெரியும். பார்த்த உடனே பெயர் சொல்லிவிடலாம். விலா எலும்புக்கு அந்த வேலை இல்லை, அதனால் அந்த ஒழுங்கான கோடுகளும் இல்லை. எலும்பு உப்பி, மேல் ஓடு மெலிந்து, உள்ளே தேன்கூடு போலவோ சோப்பு நுரை போலவோ தெரியும். நார்த்திசுக் கோளாறான ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். குருத்தெலும்புக் கட்டியும் அப்படித் தெரியலாம். கான்ட்ரோசார்கோமா என்ற புற்றுநோயும்கூட!

நெஞ்சைத் திறக்கும் துணிச்சல்

சரி, வெட்டி எடுத்துப் பார்த்துவிடலாமே? 1900 வாக்கில் அது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். விலாவுக்கு அடியில் இருப்பது நுரையீரலைச் சுற்றிய மெல்லிய உறை. அது கிழிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். 1904-ல் ஃபெர்டினாண்ட் சவர்புரூக் இதற்கு ஒரு விசித்திரமான வழி கண்டார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஒரு அறை. நோயாளியின் தலை மட்டும் அறைக்கு வெளியே. உடம்பும் அறுவை செய்யும் டாக்டர்களும் உள்ளே!

பிறகு அந்த அறையே தேவைப்படவில்லை. மூச்சுக்குழாயில் குழாய் செருகி, மயக்க மருந்தையும் காற்றையும் நேராக நுரையீரலுக்கு அனுப்பும் முறையை முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கிலாந்தில் மேகில், ரோபோத்தம் ஆகியோர் வளர்த்தெடுத்தார்கள். விலா எலும்பை எடுப்பது செய்யக்கூடிய காரியமாயிற்று. அன்று முதல் விலா ஹெமாஞ்சியோமாவுக்கு நோயறிதலும் சிகிச்சையும் ஒரே வெட்டில் முடிந்தன. எடுத்த எலும்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் பெயர் தெரியும். அதற்குள் சிகிச்சையும் முடிந்திருக்கும்.

ஊசி ஏன் போதவில்லை?

மற்ற கட்டிகளுக்கு ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். இங்கே ஊசியில் வருவது பல நேரம் வெறும் ரத்தம்தான். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசியும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் ரத்தக்குழாய்க் கட்டி என்ற சந்தேகம் வந்துவிட்டால் பல அறுவை நிபுணர்கள் ஊசியைத் தவிர்க்கிறார்கள்.

ஸ்கேன் கொண்டுவந்த மாற்றம்

1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. சில ஆண்டுகளில் முழு உடம்புக்கும் அது வந்துவிட்டது. 1977 ஜூலை 3-ம் தேதி அமெரிக்காவில் டமாடியன் குழு மனித உடம்பை எம்.ஆர்.ஐ. முறையில் படம் எடுத்தது. அந்தப் படம் நெஞ்சின் குறுக்குவெட்டு என்பது சுவாரசியம்! ஒரே படத்துக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆனது.

இந்த இரண்டும் சேர்ந்து டாக்டரின் கையில் துப்புகளைக் கொடுத்தன. எலும்பின் மேல் ஓடு உடைந்திருக்கிறதா, உள்ளே இழைகள் மிச்சம் இருக்கின்றனவா என்று சி.டி. சொல்கிறது. மெதுவாக ஓடும் ரத்தம் நிறைந்த கட்டி எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது. ஆனாலும் வேறு சில கட்டிகளும் அப்படி வெள்ளையாகத் தெரியும். துப்பு வேறு, தீர்ப்பு வேறு.

அண்ணனின் மருந்து தம்பிக்கு ஆகாது

முதுகெலும்பு ஹெமாஞ்சியோமாவுக்கு வேறு வழிகள் உண்டு. 1984-ல் பிரான்சின் அமியான் நகரில் காலிபேர், டெராமோன் இருவரும் அப்படி அரிக்கப்பட்ட கழுத்தெலும்பில் ஊசி வழியாக எலும்புச் சிமென்ட் செலுத்தினார்கள். முதுகெலும்பை வெட்டி எடுக்க முடியாது, அதனால் நிரப்பினார்கள். விலா அப்படியல்ல. ஒன்றின் ஒரு பகுதி போனாலும் மூச்சு விடலாம். கதிர்வீச்சும் முதுகெலும்புக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் கதிர் பட்ட எலும்பில் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம் என்று 1948-லேயே கஹான் குழுவினர் காட்டிவிட்டார்கள். எளிதில் எடுத்துவிடக்கூடிய ஒரு தீங்கற்ற கட்டிக்கு அந்த ஆபத்து எதற்கு? 2008-ல் பிரான்சில் குழந்தைகளின் தோல் ஹெமாஞ்சியோமாவுக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை பலன் தருவது தெரியவந்தது. விலாவுக்கு அது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

காரணம் பெயரிலேயே இருக்கலாம். 1982-ல் மல்லிகென், குளோவாக்கி இருவரும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். செல்கள் பெருகி வளர்வது கட்டி. பிறவியிலேயே தவறாக அமைந்த ரத்தக்குழாய் வெறும் அமைப்புக் கோளாறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கலாமா? அந்தக் கணக்குப்படி எலும்பு ஹெமாஞ்சியோமாக்களில் பல, கட்டியே அல்ல. பெயர் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்று ஆகிவிடாது.

இன்று

பெரிய கட்டி என்றால், அறுவைக்கு முன் அதற்கு ரத்தம் தரும் குழாயை அடைக்கலாம். கீழ் விலாக்களில் இதை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் தண்டுவடத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அங்கிருந்தும் கிளைக்கக்கூடும். 1990-களில் பரவிய கேமரா அறுவை முறையால் சிறு துளைகள் வழியாகவும் விலாவை எடுக்க முடிகிறது. ஓரத்தில் கொஞ்சம் நல்ல எலும்போடு முழுசாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அபூர்வம். படங்கள் எல்லாம் ஒன்றையே சொல்லி, வலியும் இல்லை, வளர்ச்சியும் இல்லை என்றால், வெட்டாமல் அவ்வப்போது படம் எடுத்துக் கவனிப்பதும் உண்டு.

விர்ஷோ காலத்தில் இந்த நோயின் பெயர் இறந்த பிறகு தெரிந்தது. பிறகு அறுவைக்குப் பின் தெரிந்தது. இப்போது சிலருக்கு அறுவைக்கு முன்பே ஓரளவு தெரிகிறது. அவசரப்பட்டால் தேவையில்லாத ஒரு அறுவை. அலட்சியப்பட்டால் கைவிட்டுப் போகும் ஒரு புற்றுநோய். இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததுதான் இந்த 150 வருடக் கதை. அது இன்னும் முழுசாக மூடவில்லை.