கன்றுக்குட்டிக்குக் கிடைத்த நிகழ்காலம்

நாஞ்சில் நாட்டின் பழைய வணிக ஊரான கோட்டாற்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. 1876-இல் தேரூரில் பிறந்த அவர், கோட்டாற்றிலும் நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும் திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியிலுமாக 36 ஆண்டுகள் கற்பித்தார். தமிழ்க் குழந்தைப் பாடலின் முன்னோடி என்று அவரைப் போற்றுகிறோம். கள்ளமற்ற உள்ளத்தின் எளிய வெளிப்பாடு என்று அந்தப் பாடல்களைப் பாராட்டுகிறோம். இந்தப் பாராட்டு அவருடைய சாதனையைக் குறைத்துவிடுகிறது. காலம் குழந்தையின் தலையில் எவ்வளவு பாரத்தை ஏற்றும் என்று நன்கு அறிந்தவர், தெரிந்தே குழந்தைக்கு ஒரு நிகழ்காலத்தை அமைத்துக் கொடுத்தார் என்பதே என் வாதம்.

அவருக்கு முன்பும் தமிழில் குழந்தை உண்டு. பிள்ளைத்தமிழ் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாகக் குழந்தையைப் பாடிற்று. ஆனால் அங்கே வியப்பவர்கள் பெரியவர்கள்; வியக்கப்படுவது தெய்வமோ தலைவனோ ஆன குழந்தை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் நாளை எப்படி வாழவேண்டும் என்று கட்டளையிட்டன. கவிமணியின் ‘பசுவும் கன்றும்’ பாட்டு இந்த இரண்டு வழியிலும் சேராது. தோட்டத்தில் பசு மேய்கிறது, கன்று துள்ளுகிறது. பசு கூப்பிடுகிறது, கன்று ஓடுகிறது. பசு நக்குகிறது, கன்று பால் குடிக்கிறது. வினைகள் எல்லாமே நிகழ்காலம், அதுவும் பேச்சு வழக்கில். பார்க்கும் கண் குழந்தையுடையது. நேற்றைய நினைவுக்கும் நாளைய அறிவுரைக்கும் அதில் இடமில்லை.

வகுப்புக்காக எழுதிய சின்னப் பாட்டின் மேல் இவ்வளவு பொருளை ஏற்றலாமா என்று கேட்கலாம். வகுப்புத் தேவை மட்டுமே காரணமாக இருந்தால், பசு பால் தரும், ஆகவே அதைப் போற்று என்று முடித்திருக்கலாம். பாடநூல்களுக்குப் பழகிய முடிவு அதுதான். அவர் அறிவுரைப் பாடல்களும் எழுதியவர், ஆகவே அது அவருக்குத் தெரியாத வழியல்ல. இந்தப் பாட்டில் வேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

ஏன் விட்டார் என்பதற்கு விடை நாஞ்சில் நாட்டு வரலாற்றில் இருக்கிறது. இங்கே வேளாளரிடையே மருமக்கள்வழி நடந்தது. ஒருவன் தேடிய சொத்து அவன் பெற்ற பிள்ளைக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போயிற்று. மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்குதான். தகப்பன் வீட்டில் விளையாடிய பிள்ளை, அவன் கண்மூடியதும் அந்த வீட்டுக்கு அந்நியன். இந்த வழக்கத்தின் கொடுமையைத்தான் கவிமணி ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்று பாடினார். ‘தமிழன்’ இதழில் தொடராக வந்த அது 1942-இல் நூலானது. அதற்குள் 1926-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டம் மக்கள்வழிக்குக் கதவைத் திறந்துவிட்டது. முன்னோர் வழக்கம் பிள்ளைகளின் வாழ்வை எப்படி விழுங்கும் என்று ஊர் அறிய எழுதிய அதே கைதான் கன்றுக்குட்டியைத் துள்ளவிட்டது.

இன்னொரு மறுப்பும் உண்டு: குழந்தையின் வியப்பு என்பது முதுமை பின்னோக்கிப் பார்த்து ஏங்கிக் கற்பித்துக்கொள்வதுதானே? கவிஞர் பலருக்கு இது பொருந்தும். ஏக்கம் பேசும்போது ‘அந்தக் காலம்’ என்று ஒரு சொல்லாவது தலைகாட்டும். கவிமணியின் பசுவிடமும் கன்றிடமும் அது இல்லை. காலம் கழிவதைப் பற்றிய துயரத்தை அவர் வேறிடத்தில், பெரியவர்களுக்காக வைத்தார். நிலையாமையைப் பாடிய பாரசீகக் கவி உமர் கய்யாமை, ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழாக்கினார். அந்நூல் 1945-இல் வந்தபோது அவருக்கு வயது எழுபதை ஒட்டியிருந்தது. நிலையாமையை முழுதாக உணர்ந்தவர் அதைக் குழந்தையின் பாட்டுக்குள் கசியவிடவில்லை.

குழந்தை இலக்கியத்தை அறிவுரைக்கும் பழம்பெருமைக்கும் உரிய ஊர்தியாக இன்றும் பலர் கருதுகிறார்கள். கவிமணி காட்டிய வழி வேறு. பெரியவர்கள் தங்கள் காலத்தைத் தாங்களே சுமக்க வேண்டும், குழந்தை பார்ப்பதற்கு இன்றைய பொழுதை முழுதாக விட்டுக்கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு எழுத வருகிறவர்கள் முதலில் பழக வேண்டிய ஒழுக்கம் இதுவே.