ஆயிரமாயிரம் அகிலங்கள்: அலுவிகாரை முதல் இமாம் ராஸி வரை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ 9 வீதியில், மாத்தளை நகரைக் கடந்து சுமார் மூன்று கிலோமீற்றர் தூரம் சென்றால், பெரும் பாறைகளுக்கிடையே அமைந்த அலுவிகாரையைக் காணலாம். மாத்தளை, உக்குவளைப் பகுதிகளில் வாழும் நம்மவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் இடம் அது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் இங்கேதான் ஓலைச்சுவடிகளில் முதன்முதலாக எழுதப்பட்டது என்பது மரபு. நாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது, போரும் வந்தது. மனனம் செய்திருந்த பிக்குகள் மாண்டு போனால் போதனையும் மறைந்துவிடும் என்ற அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது. அல்குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ்கள் பலர் யமாமாப் போரில் ஷஹீதானபோது கலீபா அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் எழுந்த கவலையை அறிந்த நமக்கு, இவ்வச்சத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. அலுவிகாரையின் நூலகம் 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிக்கப்பட்டது.

அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் அங்குத்தர நிகாயமும் ஒன்று. நம்முடையதைப் போன்று சூரியனும் சந்திரனும் கொண்ட உலகத் தொகுதிகள் ஆயிரம் ஆயிரமாக உள்ளன என்ற கருத்து அதில் இடம்பெறுகின்றது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த புத்தகோசர், அத்தகைய ஒரு சக்கரவாளத்தின் அகலத்தை 12,03,450 யோசனை என்று கணக்கிட்டே எழுதிவிட்டார். ஆக, நமது அகிலத்துக்கு அப்பால் வேறு அகிலங்கள் உண்டா என்ற வினா ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நேற்றுப் பிறந்ததன்று. மாத்தளைப் பாறைகளுக்கே அது பழையது.

இதனை இன்று பேசவேண்டிய தேவை யாது? உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்கும் நம் பிள்ளைகள் ஒரு வாதத்தைச் செவிமடுக்கின்றனர். பிரபஞ்சத்தின் விதிகள் உயிர் வாழ்வதற்கு ஏற்றவாறு மிக நுட்பமாக அமைந்துள்ளன. ஆனால் எண்ணற்ற பிரபஞ்சங்கள் வெவ்வேறு விதிகளுடன் இருக்குமாயின், அவற்றுள் ஏதோவொன்று தற்செயலாகவே இவ்வாறு அமைந்திருக்கும். எனவே படைத்தவன் ஒருவன் தேவையில்லை என்பதே அவ்வாதம். பிள்ளை வீட்டில் வந்து வினவுகின்றான். தந்தை, "இதெல்லாம் குப்ர், பேசாதே!" என்று வாயடைக்கின்றார். நம் முன்னோர் இவ்வினாவை இப்படியா எதிர்கொண்டார்கள்?

உலகம் ஒன்றே, ஒன்றுக்கு மேல் இருக்க இயலாது என்று தர்க்கம் பேசியவர் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டோட்டில். மண் தன் இயல்பினால் மையத்தை நோக்கி விழும். வேறோர் உலகம் இருந்தால் அங்குள்ள மண் எந்த மையத்தை நோக்கி விழும் என்று அவர் கேட்டார். அவர் வழிநின்ற இப்னு ஸீனாவும் (980–1037) இதனையே ஏற்றார். அவருக்கு அல்பிரூனி பதினெட்டு வினாக்களை அனுப்பினார். அவற்றுள் ஒன்று இது பற்றியதே: வேறு இயல்புடைய மற்றோர் உலகம் இருக்கலாம் என்று சொன்னவர்களை அரிஸ்டோட்டில் ஏன் இகழ்கின்றார்? பிறவிக் குருடன் ஒருவன் பிறர் சொல்லக் கேளாவிட்டால் பார்வை என்ற ஒன்று உண்டென்று எண்ணவும் மாட்டான். நாம் காணாத இயல்புகளைப் பற்றிய நமது நிலையும் அவ்வாறே அல்லவா என்ற கருத்தில் அவர் வாதிட்டார். கடிதப் போக்குவரத்தில் சூடு சற்று அதிகமாகவே இருந்தது. இந்த அல்பிரூனிதான் பின்னர் இந்தியா பற்றி எழுதிய பெருநூலில் இலங்கைக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியவர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095 இல் நிறைவுசெய்த 'தஹாபுதுல் பலாஸிபா' என்னும் நூலில் வேறொரு கோணத்திலிருந்து தாக்கினார்கள். இவ்வுலகை ஒரு முழம் பெரிதாகவோ சிறிதாகவோ படைக்க அல்லாஹ்வினால் இயலுமா, இயலாதா? இயலாது என்றால் அவனது ஆற்றலுக்கு எல்லை வகுத்தவர் ஆவீர்கள். இயலும் என்றால் உலகம் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்ற உங்கள் கோட்பாடு ஆட்டம் காணும்.

ஆயினும் இத்துறையில் முடிசூடியவர் இமாம் பக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்களே. ஈரானின் ரை நகரிற் பிறந்து, 1210 இல் ஹிராத்தில் வபாத்தானார்கள். தமது 'மபாதீஹுல் கைப்' என்னும் பெரும் தப்ஸீரில் ஸூரத்துல் பாத்திஹாவுக்கு விளக்கம் எழுதுகையில், 'ஆலமீன்' என்ற பன்மைச் சொல்லில் நின்று நிதானிக்கின்றார்கள். இவ்வுலகுக்கு அப்பால் எல்லையற்ற வெளி உண்டு. ஆகக்கூடிய அனைத்தின்மீதும் அல்லாஹ் ஆற்றலுடையவன். ஆகவே இவ்வுலகைவிடப் பெரிய ஆயிரமாயிரம் உலகங்களை அங்கே படைக்க அவனால் இயலும். உலகம் ஒன்றே என்று தத்துவஞானிகள் காட்டும் ஆதாரங்களோ பலவீனமானவை. இதுவே அவர்களது வாதத்தின் சாரம்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். 'இருக்கின்றன' என்று இமாம் அவர்கள் தீர்ப்புக் கூறவில்லை. 'இயலும்' என்றே கூறினார்கள். நம் மேடைகளில் சிலர் இவ்விரண்டையும் குழப்பி, பல்பிரபஞ்சக் கொள்கையை அல்குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்று முழங்குகின்றனர். நாளை அறிஞர்கள் அக்கொள்கையைக் கைவிட்டால் இவர்கள் எதனைக் கைவிடுவார்கள்? மார்க்கத்துக்கு அதன் வழியல்லாத வழியில் உதவ முற்படுபவனால் விளையும் தீங்கு, அதனைத் தாக்குபவனால் விளையும் தீங்கைவிடப் பெரிது என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி அவர்கள் தஹாபுத்தின் முன்னுரையிலேயே எழுதிவைத்தார்கள்.

இத்தொடரில் மற்றொரு செய்தியும் உண்டு. ஏழு பூமிகள் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து வரும் ஓர் அறிவிப்பு, ஒவ்வொரு பூமியிலும் நம்முடைய நபிமார்களைப் போன்றோர் உள்ளனர் என்று கூறுகின்றது. அதன் அறிவிப்பாளர் தொடர் ஸஹீஹானது, எனினும் செய்தி 'ஷாத்', அதாவது தனித்து ஒதுங்கியது என்றார்கள் இமாம் பைஹகி (ரஹ்). இஸ்ராயீலியக் கதைகளிலிருந்து பெறப்பட்டிருக்கலாம் எனக் கருதினார்கள் இப்னு கஸீர் (ரஹ்). பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்திய உலமாக்களிடையே இது பெரும் சர்ச்சையாகி, அப்துல் ஹை லக்னவி (1848–1886) போன்றோர் தனி நூல்களே எழுதினர். அச்சர்ச்சையின் கசப்பை இங்கு கிளறுவது நம் நோக்கமன்று. அறிவிப்பை ஏற்றவரும் மறுத்தவரும் படைத்தவனைப் பற்றி ஐயுறவில்லை என்பதே நமக்கு வேண்டியது.

பிள்ளையின் வினாவுக்கு வருவோம். உலகங்கள் பல என்று அலுவிகாரைச் சுவடிகளும் கூறின. படைப்பவன் ஒருவன் என்ற கோட்பாடு அவற்றில் இல்லை. உலகங்கள் பல இருக்க இயலும் என்று இமாம் ராஸியும் கூறினார்கள். படைப்பவனின் ஆற்றலையே அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். ஆகவே உலகங்களின் எண்ணிக்கையைக் கொண்டு படைத்தவன் உண்டா இல்லையா என்று முடிவுகட்ட இயலாது. ஒரு பிரபஞ்சம் ஏன் இருக்கின்றது என்று கேட்கலாமென்றால், கோடி பிரபஞ்சங்களும் அவற்றைத் தோற்றுவிக்கும் விதியும் ஏன் இருக்கின்றன என்றும் கேட்கலாம். எண் பெருகியதால் கேள்வி கரைந்துவிடாது. இதைப் பிள்ளையிடம் அமைதியாகச் சொல்லத் தந்தை தத்துவஞானியாக இருக்க வேண்டியதில்லை.

விஞ்ஞானத்தின் இன்றைய நிலை என்ன? 1957 இல் ஹியூ எவரெட் குவாண்டம் கோட்பாட்டிலிருந்து ஒருவகைப் பல்லுலகக் கருத்தை முன்வைத்தார். பிரபஞ்சம் தொடக்கத்தில் அதிவேகமாக விரிந்தது என்ற அலன் கூத்தின் 1981 ஆம் ஆண்டுக் கருத்தை அந்திரேய் லிண்டே போன்றோர் வளர்த்து, அவ்விரிவு நீர்க்குமிழிகளைப் போன்று பல பிரபஞ்சங்களைத் தோற்றுவிக்கலாம் என்றனர். இவை சோதிக்கப்பட இயலாதவை, ஆகவே விஞ்ஞானமே அல்ல என்று வாதிடும் பௌதிகவியலாளர்களும் உள்ளனர்.

சோதித்துப் பார்க்கத் துணிந்தவர்களுள் இலங்கையிற் பிறந்த ஹிரண்யா பீரிஸ் அம்மையாரும் ஒருவர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் பணியாற்றிய காலத்தில், வேறொரு பிரபஞ்சக் குமிழி நம்முடையதுடன் மோதியிருந்தால், வான்வெளியெங்கும் பரவியுள்ள பழைய நுண்ணலைக் கதிர்வீச்சில் வட்டத் தழும்புகள் இருக்க வேண்டும் என்று அவரது குழுவினர் கணித்து, டபிள்யூமாப் செய்மதியின் தரவுகளில் தேடினர். 2011 இல் முடிவுகள் வெளியாயின. ஐயத்துக்குரிய சில இடங்கள் தென்பட்டன. ஆயினும் மோதல் நிகழ்ந்தது என்று சொல்ல அவை போதுமானவையல்ல என அவர்களே எழுதினர். உறுதியான தடயம் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.