நிலநடுக்கத்திலிருந்து கண்ணாடிக் கலைப்பொருட்களைக் காப்பது எப்படி? – ஒரு விளக்கம்

நிலநடுக்கத்தில் ஒரு கட்டடம் விரிசல்கூட விடாமல் நின்றுவிடலாம். அதே கட்டடத்தின் அலமாரியில் வைக்கப்பட்டிருந்த கண்ணாடிக் குவளைகள் சில நொடிகளில் தரையில் விழுந்து நொறுங்கிப்போகலாம். கட்டடத்தின் உறுதி வேறு, அதனுள் இருக்கும் பொருட்களின் பாதுகாப்பு வேறு என்பதே அருங்காட்சியகத் துறையினர் பல பேரிடர்களுக்குப் பிறகு கற்றுக்கொண்ட பாடம். வீட்டில் தலைமுறைகளாகக் கண்ணாடிப் பொருட்களைச் சேர்த்து வைத்திருப்போருக்கும் இது பொருந்தும்.

இந்தியாவின் நிலப்பரப்பில் சுமார் 59 சதவீதம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான நிலநடுக்க அபாயம் கொண்டது என அரசு தரப்பில் தெரிவிக்கப்பட்டு வருகிறது. 2025 பிப்ரவரி 17 அதிகாலையில் டெல்லியில் பதிவான 4.0 ரிக்டர் அளவிலான நில அதிர்வின் மையம் தலைநகருக்குள்ளேயே, தௌலா குவான் பகுதியில் அமைந்திருந்தது.

பூஜ் தந்த பாடம்

குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தின் தலைநகரான பூஜ், இந்தியக் கண்ணாடிக் கலையின் வரலாற்றில் தனி இடம் பெற்ற ஊர். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்ச் மன்னர் லக்பத்ஜி அங்கு 'ஆயினா மகால்' எனப்படும் கண்ணாடி அரண்மனையைக் கட்டுவித்தார். ஐரோப்பாவில் தங்கிக் கண்ணாடி வேலை, ஓடு வேலை உள்ளிட்ட தொழில்களைக் கற்றுத் திரும்பிய ராம்சிங் மாலம் என்ற கைவினைஞர் அதனை வடிவமைத்தார். நிலைக்கண்ணாடிகளும் சரவிளக்குகளும் நிறைந்த அரண்மனை அது.

2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு 7.7 அளவிலான நிலநடுக்கம் கட்ச் பகுதியைத் தாக்கியது. குஜராத்தில் 13,800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயினா மகால் கடுமையாகச் சேதமடைந்தது. 1877-இல் தொடங்கப்பட்ட கட்ச் அருங்காட்சியகமும் பாதிப்புக்குள்ளானது. பின்னர் சீரமைக்கப்பட்ட ஆயினா மகாலின் ஒரு பகுதி இன்று அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது.

கட்டடம் நின்றாலும் கண்ணாடி தப்புவதில்லை என்பதற்கு அண்மைய சான்று லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் கிடைத்தது. 2020 ஆகஸ்ட் 4-இல் அந்நகரத் துறைமுகத்தில் நேரிட்டது நிலநடுக்கமன்று, வெடிவிபத்து. ஆனால், சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் அருங்காட்சியகத்தில், 74 பழங்காலக் கண்ணாடிக் கலங்களைக் கொண்டிருந்த காட்சிப் பேழை ஒன்று அப்படியே சாய்ந்து விழுந்தது. 72 கலங்கள் நொறுங்கின. அவற்றில் சில பின்னர் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒட்டிச் சீரமைக்கப்பட்டன. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே பாதுகாப்பதற்கு முன், அவற்றைத் தாங்கும் பேழையை நிலைநிறுத்த வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பொருள் ஏன் விழுகிறது?

நிலம் அதிரும்போது அலமாரியில் உள்ள பொருள் இரண்டில் ஒன்றைச் செய்கிறது. அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் வழுக்கி நகர்கிறது. உயரமாகவும் அடி குறுகியும் இருந்தால் ஆடிச் சாய்கிறது.

சாயும் தன்மையைத் தோராயமாகக் கணிக்க எளிய வழி உண்டு. அடிப்பகுதி அகலத்தின் பாதியை, ஈர்ப்பு மையம் அமைந்துள்ள உயரத்தால் வகுக்க வேண்டும். 6 சென்டிமீட்டர் அடியும், 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட பூக்குவளைக்கு இந்த விகிதம் 0.2 ஆகும். அதாவது, புவியீர்ப்பு முடுக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கை எட்டும் கிடைமட்ட அதிர்வு அதனை ஆடச் செய்யப் போதுமானது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, இரண்டு முதல் ஐந்து வரையிலான மண்டலங்களுக்கு முறையே 0.10, 0.16, 0.24, 0.36 என்ற மதிப்புகளை வழங்கியுள்ளது. அந்த வகைப்பாட்டில் டெல்லி நான்காம் மண்டலத்திலும் பூஜ் ஐந்தாம் மண்டலத்திலும் உள்ளன. மேற்கண்ட குவளையின் 0.2 என்ற அளவு இவ்விரண்டையும்விடக் குறைவு. இம்மதிப்புகள் நிலமட்டத்துக்கு உரியவை. மாடிகளில் அதிர்வு பெருகும். உறுதியற்ற அலமாரி அதனை மேலும் பெருக்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உள்ளது. ஒரே வடிவம் கொண்ட இரு பொருட்களில் சிறியதே எளிதில் கவிழும். சின்னஞ்சிறு பொருள்தானே என்று விட்டுவிடுவது தவறு.

முதலில் அலமாரி

அலமாரியின் மேற்பகுதியை உலோகக் கோணத் தகடுகள் கொண்டு சுவருடன் திருகாணியால் இணைப்பது முதற்பணி. திருகாணி சுவர்ப்பூச்சில் மட்டும் நிற்காமல், செங்கல் அல்லது கான்கிரீட் வரை ஆழமாக இறங்க வேண்டும். அருகருகே நிற்கும் இரு அலமாரிகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் அவை மோதிக்கொள்ளாது.

கதவுகளுக்குத் தாழ்ப்பாள் அவசியம். காந்தப் பிடிப்பான்கள் அதிர்வில் திறந்துகொள்ளக்கூடும். சிறு முளைகளின் மேல் வெறுமனே வைக்கப்பட்டிருக்கும் கண்ணாடித் தட்டுகள் வழுக்கி விழுந்தால், ஒரு தட்டின் சரிவு அதன் கீழுள்ள அடுக்குகள் அனைத்தையும் நொறுக்கிவிடும். எனவே தட்டுகளைப் பிடிப்பான் கொண்டு இறுக்க வேண்டும். அடுக்குகளின் விளிம்பில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடுப்புப் பட்டை அமைப்பது, வழுக்கி நகரும் பொருட்களைத் தடுத்து நிறுத்தும். உடைந்தால் சிதறாமலிருக்க, பேழையின் கண்ணாடியில் பாதுகாப்புப் படலம் ஒட்டலாம்.

கனமான பொருட்களைக் கீழ் அடுக்கிலும் இலேசானவற்றை மேலேயும் வைக்க வேண்டும். ஆடும்போது ஒன்றையொன்று தொடாத அளவுக்கு இடைவெளி தேவை. கண்ணாடிப் பொருட்கள் தரையில் விழுந்து மட்டுமல்ல, பக்கத்துப் பொருளுடன் மோதியும் உடைகின்றன.

மெழுகு, நூல், மணல்

அருங்காட்சியகங்களில் பரவலாகப் பயன்படுவது நுண்படிக மெழுகு. பட்டாணி அளவு மெழுகுருண்டைகள் மூன்று அல்லது நான்கை அடிப்பகுதியில் வைத்து, பொருளை மெல்ல அழுத்திச் சிறிது திருப்பினால் பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போதும் மேல்நோக்கி இழுக்காமல் திருப்பியே எடுக்க வேண்டும். அல்லது அடியில் நைலான் நூலைச் செலுத்தி அறுத்து விடுவிக்க வேண்டும்.

வட இந்தியாவின் கோடை வெப்பத்தில் மெழுகு இளகிப் பிடிப்பை இழக்கலாம். வெயில் படும் இடத்திலும், சூடேறும் விளக்குகளின் கீழும் உள்ள பொருட்களுக்கு இதனை மட்டும் நம்புவது பாதுகாப்பானதன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழைய மெழுகை நீக்கிப் புதியது இடுவது நல்லது. சாதாரணப் பசைகளையும் இருபுற ஒட்டுநாடாக்களையும் தவிர்க்க வேண்டும். அவை கறை விடுவதோடு, பிரிக்கும் முயற்சியிலேயே பொருளை உடைத்துவிடக்கூடும்.

மெழுகுக்கு மற்றொரு வரம்பும் உண்டு. அடி இறுகப் பிடிக்கப்பட்ட பொருள் நில அதிர்வு முழுவதையும் தானே ஏற்கிறது. மெல்லிய தண்டு கொண்ட மதுக்கிண்ணம் போன்றவை விழாமலேயே தண்டில் முறியலாம். அத்தகையவற்றுக்கு, உடலின் மேற்பகுதியையும் அணைத்துப் பிடிக்கும் உலோகத் தாங்கிகள் பொருத்தமானவை. கண்ணாடியைத் தொடும் இடங்களில் மென்மையான உறை இருக்க வேண்டும். ஜப்பானிய அருங்காட்சியகங்களில் பீங்கான் குவளைகளை நிறமற்ற மெல்லிய நைலான் இழைகளால் மேடையுடன் இழுத்துக் கட்டும் வழக்கம் உள்ளது. கண்ணாடிப் பொருட்களுக்கும் இம்முறை உதவும்.

உட்குழிவான குவளைகளில் எடை இடுவது இன்னொரு வழி. மணலை நேரடியாகக் கொட்டினால் உட்புறம் கீறப்படும். பாலித்தீன் பையில் கட்டி இறக்க வேண்டும். முன்பு கண்ட குவளையின் ஈர்ப்பு மையம் இவ்வாறு 15-லிருந்து 10 சென்டிமீட்டராகத் தாழ்ந்தால், அதன் தாங்குதிறன் 0.2-லிருந்து 0.3 ஆக உயரும். சுவர் மெல்லிய குவளைகளுக்கு இது ஏற்றதன்று.

சரவிளக்குகளைக் கூரையின் உறுதியான பகுதியில் தொங்கவிட்டு, கொக்கி கழன்றாலும் தாங்கும் வகையில் கூடுதலாக ஓர் எஃகு வடம் இணைக்க வேண்டும். ஊசலாடும்போது சுவரிலோ தூணிலோ மோதாத இடைவெளியும் தேவை.

பெரிய அருங்காட்சியகங்களின் வழி

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கெட்டி அருங்காட்சியகம் 1980-களிலிருந்து இத்துறையில் பணியாற்றி வருகிறது. அங்கும் ஜப்பானிலும் பயன்படும் அதிர்வு விலக்கு மேடைகளில், கீழ்த்தட்டு நிலத்துடன் நகர, மேல்தட்டு உருளைகள் அல்லது விற்சுருள்களின் உதவியால் மெதுவாகவே அசையும். மேடை நகர்வதற்குச் சுற்றிலும் காலியிடம் வேண்டும், செலவும் அதிகம். எனவே மிக அரிய பொருட்களுக்கே இது பயன்படுத்தப்படுகிறது.

உடைந்துவிட்டால்

அதிர்வு நிகழும்போது பொருளைப் பிடிக்க ஓடுவது ஆபத்தானது. மேசையின் கீழ் பதுங்கித் தலையைக் காத்துக்கொள்வதே முறை. உயிருக்கு ஈடான கலைப்பொருள் எதுவுமில்லை. அதிர்வு நின்றபின், காலணி அணிந்தே அறைக்குள் நுழைய வேண்டும். பின்னதிர்வுகள் தொடரக்கூடும் என்பதால், விளிம்பில் நிற்கும் பொருட்களை முதலில் தரையில் இறக்கி வைக்க வேண்டும்.

துண்டுகளைப் பெருக்கித் தள்ளக் கூடாது. கிடந்த நிலையிலேயே புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு பொருளின் துண்டுகளையும் தனிப் பெட்டியில், ஒன்றோடொன்று உரசாதவாறு தாளில் சுற்றி வைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கடைப் பசையால் ஒட்டுவது, பின்னர் வல்லுநர் செய்யும் சீரமைப்பைக் கடினமாக்கும். பழமையான கண்ணாடியில் ஈரப்பிசுக்கோ நுண்விரிசல்களோ தென்பட்டால், மெழுகு இடுவதற்கு முன்பே பாதுகாப்பு வல்லுநரின் கருத்தைப் பெறுவது அவசியம். லக்னோவில் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் இத்துறையில் பணியாற்றும் முதன்மை நிறுவனமாகும்.

ஒவ்வொரு பொருளின் புகைப்படம், அளவு, வரலாறு ஆகியவை அடங்கிய பட்டியலை வீட்டுக்கு வெளியே ஒரு படியாவது வைத்திருப்பது, சீரமைப்புக்கும் காப்பீட்டுக்கும் ஒருசேரப் பயன்படும்.