தெப்பத்துக்கு எந்த நங்கூரம்?

சின்னதா ஒரு உல்லாசப் படகு வாங்கிய நண்பர், எந்த நங்கூரம் நல்லது என்று கேட்டார். தேட ஆரம்பித்து, வழக்கம்போல மதுரையில் வந்து நின்றேன்.

நங்கூரத்துக்கு எடையை விட, தரையில் அது பிடிக்கும் பிடிதான் முக்கியம். 1933இல் ஜெஃப்ரி டெய்லர் என்ற இயற்பியலாளர் வடிவமைத்தது கலப்பை மாதிரி இருக்கும். இழுக்க இழுக்க மணலுக்குள் உழுது இறங்கும். இளகின சேறு என்றால் அகலமான தட்டை அலகுகள் உள்ளது தேவலை. கயிறும் ஆழத்தைப் போல 5 மடங்காவது வேண்டும். குறைந்தால் இழுவிசை மேல்நோக்கித் திரும்பி நங்கூரத்தைப் பிடுங்கிவிடும்.

சரி, திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளத்தில், தை மாதப் பௌர்ணமியன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வலம்வரும் தெப்பத்துக்கு?

நங்கூரமே வேண்டாங்க! நங்கூரம் என்பது கரை கைக்கு எட்டாத இடத்துக்கான ஏற்பாடு. இங்கே நாலு பக்கமும் கல் கரை. கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வருகிறது. இன்ஜின், ஸ்டியரிங், நங்கூரம் மூன்றும் அந்த வடம்தான். கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த டிசைன் மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

வைகைத் தண்ணீர் வராமல் குளம் காய்ந்த வருடங்களில் தெப்பம் நகரவில்லை. நின்ற இடத்திலேயே விழா நடந்தது. அதற்கு ‘நிலைத் தெப்பம்’ என்று பெயர்.